வேலிக்குள் விட்ட மாடு

பாரிவாக்கம் மேய்ச்சல் நிலத்தில் முள்கம்பி போட்டு அடைத்திருந்த அந்தச் சின்னத் துண்டு மொட்டையாகக் கிடந்தது. நடுவில் ஈரம் காயாத சாணி வேறு. கையில் அரிவாளும் தராசுமாக நின்ற ஜெயப்பிரியாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. ஊரில் பொங்கலை முடித்துவிட்டு, தேனி பஸ்ஸில் வந்து இறங்கி, பல்கூட விளக்காமல் ஓடி வந்தது இதைப் பார்க்கவா?

நான்கு வருஷ ஆராய்ச்சி. ஒரு வருஷம் வானம் பொய்த்தது. இன்னொரு வருஷம் புயலடித்து, வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. இதற்கு நடுவில், கட்டட இடிபாட்டை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிற புண்ணியவான்கள். புல் குறைவது மழையாலா, மாட்டாலா, மனிதனாலா? மாடு வாய் வைக்காதபடி வேலி போட்ட இந்தத் துண்டு ஒன்று, மேய்கிற துண்டு ஒன்று, இடிபாடு விழுந்த துண்டு ஒன்று. மூன்றிலும் புல்லை அறுத்துக் காயவைத்து எடைபோட்டால்தான் பதில் கிடைக்கும். மேய்ந்த இடத்தில் மழைக்குப் பிறகு புல் திரும்பி வந்தது. இடிபாடு விழுந்த இடத்தில் எந்த மழைக்கும் வரவில்லை. இந்த வருஷம்தான் நல்ல மழை. இதையும் எடைபோட்டுவிட்டால் யாரும் மறுத்துப் பேச முடியாது. அடுத்த வாரம் அதிகாரிகளின் கூட்டம். மாடுகளை விரட்டிவிட்டு, இங்கே சிமெண்ட் கல் பதித்துப் பூங்கா கட்டலாமா என்று அதில்தான் முடிவெடுக்கப்போகிறார்கள்.

வேலிக்குக் காவல் எத்திராஜ். அவருடைய மாடுகள் இந்த நிலத்தை நம்பித்தான் இருக்கின்றன. நிலம் போனால் விற்க வேண்டியதுதான். அதனால் கிரிக்கெட் ஆடுபவர்களை, ஆட்டுக்காரர்களை, கல்யாண போட்டோ எடுக்க வந்த ஜோடியைக்கூட ஓட ஓட விரட்டியவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“வேலியத் திறந்தது யாருண்ணே?”

“நான்தான் மேடம். நேத்து மாட்டுப் பொங்கலாச்சே. கொம்புக்குப் பெயிண்ட் அட்ச்சி, மாலை போட்டு அவுத்து வுட்டேன். எல்லாம் நேரா இங்க வந்து வேலிகிட்ட நின்னுகினு உள்ளயே பாக்குது. வருசம் பூரா வெரட்டிகினு கீறேன். அந்த ஒரு நாளு மட்டும் எங்க ஊட்ல மாட்ட வெரட்ட மாட்டோம்.”

“இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாண்ணே?”

“நான் பொறுப்பேன் மேடம். மாட்டுக்குப் பொங்கலு நேத்துதான?”

இவரிடம் என்னத்தைச் சொல்வது? கத்தவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அரிவாளைப் பைக்குள் திணித்தாள். “கூட்டத்துல நீங்க வாயே திறக்க வேண்டாம். நான் பார்த்துக்கிறேன்” என்று மட்டும் நூறு தரம் சொல்லி வைத்தாள்.

கூட்டத்தில் அதிகாரி முதலில் கேட்டதே அதைத்தான். “இந்த வருஷ அளவு எங்கம்மா?”

“அது எடுக்க முடியலை சார். ஆனா முந்தின மூணு வருஷத்துல...”

“நல்ல மழை பெஞ்ச வருஷத்தை விட்டுட்டு என்ன ஆராய்ச்சி?”

அவள் திணறுவதைப் பார்த்து எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

“மேடம் மேல தப்பு இல்ல சார். உள்ள இடுப்பு உசரத்துக்குப் புல்லு இருந்துச்சி. எங்க மாடுங்கதான் ஒரே நாள்ல மொத்தத்தையும் மேஞ்சி மொட்டையாக்கிட்ச்சி.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “ஒரே நாள்ல. மாட்டுக்காரரே சொல்லிட்டார், பாருங்க.”

“சார், அது மறுபடி முளைக்கும் சார். அதைத்தான் நான் சொல்ல வர்றேன்...”

“உட்காருங்கம்மா. மாடு இருக்கிறவரைக்கும் அங்க புல் நிக்காதுன்னு தெளிவாயிடுச்சு. பூங்காவே வரட்டும்.”

இதற்குள் உட்கார்ந்துவிட்ட எத்திராஜ், பக்கத்து ஆளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. வெளியே வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெரிய பாரம் இறங்கிய முகம்.

“உங்களத் திட்டிடப் போறாங்களேன்னு எனுக்கு ஒரே கஷ்டமாப் பூட்ச்சி. நல்லாச் சொன்னேனா மேடம்?”

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

“நல்லாச் சொன்னீங்கண்ணே” என்றாள்.