மீதிப் பதினெட்டு சதவீதம்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் தோல் பை விற்கும் கணேசபாண்டியனிடம் யாரும் ஒரு பொருளின் அசல் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. கேட்டால் ஒரு விலை, முகம் சுளித்தால் ஒரு விலை, நாலு கடை தாண்டிப் போனவரைக் கைதட்டிக் கூப்பிட்டு ஒரு விலை. உலகத்தில் எல்லா மனுஷனும் இப்படித்தான் என்பது அவர் தீர்மானம். அதனால், மகள் ஹரிதா இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் 98.1 பெர்சன்டைல் வாங்கியிருக்கிறாள் என்றதும் அவர் செய்த முதல் வேலை, கண்பட்டுவிடாமல் இருக்க அதில் ஒன்றரையைக் கழித்தது.

"யாரு கேட்டாலும் 96.6. வெளங்குதா?"

"நான் வாங்குன மார்க்குப்பா அது," என்றாள் ஹரிதா.

"நீ வாங்குனது நமக்கு. ஊருக்கு நான் சொல்லுததுதான்."

ஊர் என்று அவர் சொன்னது எதிர்க்கடையை. அது மகேஷ்குமாரின் எவர்சில்வர் பாத்திரக் கடை. இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள். அதற்குப் பிறகு மகேஷ்குமாருக்குக் கடையில் ஏசி வந்தது, காட்கோபரில் ஃபிளாட் வந்தது. கணேசபாண்டியனுக்கு அல்சர் வந்தது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்க்கடை இளைத்துக் கிடந்தது. மகேஷ்குமாரின் மகன் நகுல், ஹரிதாவோடு ஒரே வகுப்பில் படித்தும் ஒருமுறைகூட அவளை முந்தியதில்லை. கணேசபாண்டியன் நிம்மதியாகச் சோறு தின்றது அந்த ஒன்றை நினைத்துத்தான்.

மகேஷ்குமார் அன்று சாயங்காலமே ரோட்டைத் தாண்டி வந்தார்.

"அண்ணாச்சி, நம்ம பயலுக்கு 97.6. ஏதோ வந்திருக்கு."

"நல்லாத்தானவே வந்திருக்கு. எம்மவளுக்கு அதுகூட இல்லயே. 96.6."

"அட, ஹரிதாவுக்கா? நல்லாப் படிக்குத பிள்ளையாச்சே!" மகேஷ்குமாரின் முகம் உண்மையாகவே வாடியது. "நகுலு மாட்டுங்கா காலேஜ்ல கம்ப்யூட்டர்தான் மொதல்ல போடப்போறானாம். கெடச்சாக் கெடைக்கட்டும், இல்லேன்னா வேற பாப்போம்."

அவர் போன பிறகு கணேசபாண்டியன் மனசுக்குள் தராசைத் தூக்கினார். 'ஏதோ வந்திருக்கு' என்று எவன் சொல்லுவான்? உள்ளே கனத்த சரக்கு வைத்திருப்பவன்தான் சொல்லுவான். நான் ஒன்றரை குறைத்தேன். அவனும் அதே ரயிலில் வந்தவன், அவனும் ஒன்றரை குறைத்திருப்பான். அப்படியானால் 99.1. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஹரிதா போனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, மூணு வருஷ கட்-ஆஃப் பாத்துட்டேன். மாட்டுங்கா கம்ப்யூட்டர் ஃபர்ஸ்ட் போடுறேன், ரெண்டாவது செம்பூர். மாட்டுங்காவுக்கு எண்பத்திரண்டு சதவீதம் சான்ஸ்னு காட்டுது."

"மீதி பதினெட்டு?"

"அது சும்மா ஒரு அந்தாஸ், குத்துமதிப்புதான் பா. இந்த வருஷம் எல்லாரும் ஜாஸ்தி வாங்கியிருந்தா..."

"எல்லாரும்னா யாரு? பேரச் சொல்லு."

"லட்சக்கணக்குல எழுதியிருக்காங்க. எப்படிப் பேரு சொல்றது?"

லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதிய பரீட்சைதான். கணேசபாண்டியன் கண்ணுக்கு எழுதியவன் நகுல் ஒருத்தன்தான் தெரிந்தான். பதினெட்டு சதவீதமும் மொத்தமாக எதிர்க்கடை ஏசியில் உட்கார்ந்திருந்தது.

"ஒரு விஷயம் பா," என்றாள் ஹரிதா. "முதல் ரவுண்டுல, முதல் இடத்துல எதப் போடுறோமோ அது கிடைச்சிட்டா அதோட முடிஞ்சுது. லாக் ஆயிடும். அடுத்த ரவுண்டுக்குப் போகவே முடியாது. அதான் எது ரொம்ப வேணுமோ அத முதல்ல போடணும்."

கணேசபாண்டியன் சிரித்துவிட்டார். "ரொம்ப வேணுங்கதை மொதல்லயே காட்டுனா எவன்டீ தருவான்?"

"இது கடை இல்லப்பா. கம்ப்யூட்டர் மார்க்கப் பாத்துத் தருது."

"அந்தக் கம்ப்யூட்டர வச்சிருக்கவன் மனுஷன்தான?"

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் சிவப்புக் கைப்பையைத் தூக்கிக் கடைசி விலை கேட்டாள். இன்றைக்கு விட்டால் இந்த விலைக்குக் கிடைக்காது, இதோடு முடிந்தது என்று கணேசபாண்டியன் இந்தியில் சத்தியம் செய்தார். அந்தப் பை போன தீபாவளியிலிருந்து அதே சத்தியத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. லாக் ஆகிவிடும் என்று அரசாங்கம் சொல்வதும் அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

விருப்பப் பட்டியலைப் பதியவும் திருத்தவும் கடைசி நாளன்று காலையிலேயே ஹரிதா தன் வரிசையைப் பதிந்து முடித்திருந்தாள். அன்று மத்தியானம் அம்மா பானுமதியோடு தாதருக்குத் துணி எடுக்கப் போனாள். கணேசபாண்டியன் எதிர்க்கடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகேஷ்குமார் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு 99.1-இன் சிரிப்பாகவே தெரிந்தது. ரெண்டு பிள்ளைகளும் ஒரே சீட்டைக் கேட்டு, அவனுக்குக் கிடைத்து இவளுக்குக் கிடைக்காமல் போனால்? தொண்ணூறடி ரோடு முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கும். ரெண்டு பேர் ஒரே சாமானில் கை வைத்தால் விலை ஏறத்தானே செய்யும்? முதல் ரவுண்டில் செம்பூரைக் கேட்டு வைப்போம். கூட்டம் கலையட்டும், அப்புறம் மாட்டுங்காவைச் சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கடையை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரோஷனிடம் போனார். பாஸ்வேர்டு இல்லாமல் ஓடிபி போட்டும் ஹரிதாவின் கணக்குக்குள் போகலாம், அது அவர் போனுக்குத்தான் வரும். ஹரிதா விண்ணப்பம் போட்டபோது கொடுத்த நம்பர் அவருடையது.

"செம்பூர மேல தூக்கு. மாட்டுங்காவ ரெண்டாவதாப் போடு."

ரோஷன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "அண்ணாச்சி, பிள்ளைகிட்டக் கேட்டியளா?"

"வியாபாரம் பண்ணுதது நானா அவளா? அமுக்கும்வே."

அமுக்கியாயிற்று.

முடிவு வந்த அன்று ஹரிதா கடைக்குள் நின்றே போனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா. செம்பூர் வந்திருக்கு. முதல் இடத்துல செம்பூர் இருக்கு. நான் அப்படிப் போடலையே."

கணேசபாண்டியன் ஒரு பெல்ட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அதற்குள் மகேஷ்குமார் பேடா டப்பாவோடு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, வாயத் தொறங்க! நகுலுக்கு மாட்டுங்கா கம்ப்யூட்டரே கெடச்சிட்டு. கடைசி சீட்டாம்லா! 97.6-லதான் முடிஞ்சிருக்கு. இன்னும் ஒரு பிள்ள கூடுதலா வந்திருந்தா நம்ம பய வெளியதான். நம்ம ஹரிதாவுக்கு என்னாச்சி?"

"செம்பூர், அங்கிள்," என்றாள் ஹரிதா.

"96.6-க்கு செம்பூர் கெடச்சதே பெரிய விஷயம்மா. மனசத் தளர விட்றாத. எதுன்னாலும் நகுலுகிட்டக் கேளு, சொல்லித் தருவான்."

கணேசபாண்டியன் வாய்க்குள் பேடா அப்படியே நின்றது. 97.6. மகேஷ்குமார் அசல் விலையை வாயாலேயே, வந்த முதல் நாளே, ரோட்டில் நின்று சொல்லியிருக்கிறான். இது என்ன வியாபாரம்? எவர்சில்வர் விற்கிறவனுக்கு இதில்கூடவா ஒரு தந்திரம்? 98.1 என்று கத்த வேண்டும்போல இருந்தது அவருக்கு. கத்தினால், மேலே இருந்த பிள்ளை கீழே எப்படி வந்தாள் என்றும் சொல்ல வேண்டும். பேடாவை விழுங்கினார். நல்ல நெய் பேடா. அதுவும் எரிந்தது.

ஹரிதா "கங்கிராட்ஸ் அங்கிள்" என்று ஒன்றை எடுத்துக்கொண்டாள். மகேஷ்குமார் ரோட்டைத் தாண்டும்வரை காத்திருந்தாள்.

"அந்த ஒரு பிள்ளை நான்தான் பா."

"ரெண்டாவது ரவுண்டுல..."

"லாக் ஆயிடுச்சு."

"யாருகிட்டப் பேசணும்னு மட்டும் சொல்லு. நான் பேசுதேன்."

"பேசுறதுக்கு அங்க ஆளே இல்லப்பா."

கடைக்காரனே இல்லாத கடை. கணேசபாண்டியன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே மகேஷ்குமார் போகிற வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் பேடா கொடுத்துக்கொண்டிருந்தார். விலை குறைத்துக் கேட்டவளுக்குக்கூட ஒன்று கொடுத்தார். கொடுக்கிற கையில் ஹரிதாவின் சீட்டு இருப்பதுபோலவே இருந்தது.

"செம்பூருக்குப் போறேன்," என்றாள் ஹரிதா. அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். "ஆனா கணக்குல உங்க நம்பர எடுத்துட்டு என் நம்பரப் போடுறேன். இனிமே ஓடிபி என் போனுக்குத்தான் வரணும். இப்ப ஒண்ணு உங்களுக்கு வரும். சொல்லுங்க."

போன் கிணுகிணுத்தது. கணேசபாண்டியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இதானா? கரெக்டா?"

"அசல்தாம்மா."

ஹரிதா கையை நீட்டிப் போனை வாங்கி, தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.