வெயிலில் வைத்த மண்ணுருண்டை

மனித குலத்தின் முன்னேற்றம் என்பது கையில் மண் ஒட்டாமல் வாழக் கற்றுக்கொண்டதன் வரலாறு. ஜப்பானின் மோரியோகா நகரத்துப் பாலர் பள்ளி ஒன்றில், பெற்றோர் கூட்டத்தில் குராமோச்சி இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் காப்பீட்டு நிறுவனத்தில் பிரிவுத் தலைவர். அங்கேயும் யாரும் சிரிப்பதில்லை.

கோரிக்கை எளிது. தினமும் பிள்ளைகள் களிமண் உருட்டும் ஒரு மணி நேரத்தை ஒழித்துவிட்டுக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். பேச்சு முடிந்ததும் கைதூக்கி வாக்கெடுப்பு. பதினேழு பெற்றோரில் எட்டுப் பேரை முந்தின நாளே ஃபோனில் வளைத்துவிட்டார். தன் கையையும் சேர்த்தால் ஒன்பது. போதும்.

சாட்சிப் பொருளாக மகள் சிஹோவின் உருண்டையைப் பிளாஸ்டிக் பையிலிருந்து உருவி, ஜன்னலோர மேசையில் வைத்தார். அவள் மூன்று வாரம் தேய்த்தது. பில்லியர்ட்ஸ் பந்து மாதிரி மின்னியது.

"மூணு வாரம். இதை வச்சு என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்றதில்ல சார்," என்றார் ஒதாகிரி டீச்சர். "வெயில்ல மட்டும் வைக்காதீங்க."

"சுருக்கமா முடிச்சிடறேன்."

நாற்பது நிமிடம் பேசினார். வரைபடங்கள் இருந்தன. பன்னிரண்டாவது வரைபடத்தில் 'டிக்' என்றது. உருண்டை உச்சியிலிருந்து அடிவரை விரிசல் விட்டிருந்தது.

முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த சிஹோ தோழியோடு வந்து குனிந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"ஒங்கப்பாவுக்குப் பைல வைக்கணும்னு தெரியாதா?" என்றாள் தோழி.

"அவங்க ஆபீஸ்ல மண்ணு கெடையாது," என்ற சிஹோ, அவரிடம், "போச்சுப்பா. நீங்க ரொம்ப நேரம் பேசிட்டீங்க," என்றாள்.

"அப்பா புதுசு வாங்கித் தரேம்மா."

"இத யாரும் விக்க மாட்டாங்க."

அவள் முற்றத்துக்குப் போய்ப் புது மண்ணை அள்ளினாள். அவரும் பின்னாலேயே போனார்.

"அஞ்சு நிமிஷத்துல முடியுமா?"

"அஞ்சு நிமிஷத்துல தண்ணிதான் பிழியலாம். இந்தாங்க, அழுத்துங்க. அப்படி இல்லப்பா, முட்டை மாதிரி ஆவுது பாருங்க. சுத்திக்கிட்டே அழுத்தணும்."

சுற்றினார்.

"இப்ப பொடி மண்ணு. கொஞ்சமா. அவசரப்பட்டா பக்கு கட்டி உதிர்ந்துடும்."

கூடத்திலிருந்து ஒதாகிரி டீச்சர் எட்டிப் பார்த்தார். "களிமண் நேரத்த எடுத்துடணும்னு எட்டு கை, இருக்கட்டும்னு எட்டு கை. நீங்க தூக்கலேன்னா பழையபடியே நடக்கும் சார்."

குராமோச்சியின் இரண்டு கைகளும் உருண்டையைச் சுற்றியிருந்தன. ஒன்றை எடுத்தால் கோணிவிடும்.

"சார்?"

அவர் டையைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் பொடியைத் தடவிக்கொண்டிருந்தார்.