புளூட்டோவுக்குத் துக்கம் கேட்டவர்கள்

பிராக்கில் கூடிய வானியலாளர்கள் மஞ்சள் அட்டையைத் தூக்கி, புளூட்டோ இனிக் கோள் இல்லை என்று முடிவு கட்டிய செய்தி ரேடியோவில் வந்தபோது, யார்மிளா பூண்டு சூப்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு அது வெறும் செய்தி. அவளுக்கோ வயிற்றில் அடித்த மாதிரி இருந்தது.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் வானியல் சங்கம் சாசாவா ஆற்றோரம் ஒரு கோள் நடைபாதை போட்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் சூரியன், பெரிய உலோகப் பந்து. அங்கிருந்து உண்மையான தூரத்தைச் சுருக்கி, கோளுக்கு ஒரு கம்பம். பூமி பட்டாணி அளவு. கடைசியில், மூன்று கிலோமீட்டர் தள்ளி, புளூட்டோ: கண்ணாடிக்குள் ஒட்டிய ஒரே ஒரு கசகசா. அந்தக் கம்பம் நின்றது யார்மிளாவின் பியர்க்கடை முற்றத்தில். கணவன் ஹூபெர்ட் போன பிறகு கடையை மூடவிருந்தவளைக் காப்பாற்றியது அந்தக் கசகசாதான். கடைசிக் கோள்வரை நடந்து வந்தவன் தாகத்தோடு திரும்பிப் போவானா? அப்படி வந்தவர்களால் அடுப்பு எரிந்தது, பேச்சுத்துணையும் கிடைத்தது.

மறுநாளே சங்கத் தலைவர், இஞ்சினியர் ராடிம் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அசைந்து கொடுக்கமாட்டார்.

"யார்மிளாம்மா, ஞாயித்துக்கிழமை வந்து கம்பத்தை எடுத்துடுறேன். கோள் எட்டுதான்னு ஆயிப்போச்சு."

"நேத்து காலையில ஒம்போது இருந்துச்சே, இஞ்சினியர் சார்! அது என்ன தப்பு பண்ணுச்சாம்?"

"தன் பாதையைச் சுத்தமா வச்சுக்கல. பக்கத்துல கண்ட உருண்டையும் கெடக்கு."

"எங்க ஹூபெர்ட்டுந்தான் உக்காந்த இடத்தைச் சுத்தமா வச்சுக்கிட்டதே இல்ல. அதுக்காக புருஷனே இல்லைன்னு சொல்லிட்டேனா?"

ராடிம் சிரித்தார். ஆனால் மனம் மாறவில்லை. "தெரிஞ்சே ஒம்போது காட்டினா, பிள்ளைங்ககிட்ட பொய் சொன்ன மாதிரிம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, இதுதான் கடைசி என்ற எண்ணத்தோடு யார்மிளா கசகசா பன் சுட்டாள். கம்பம் போனால் நெப்டியூனோடு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அப்புறம் யாருக்குச் சுடுவது?

நண்பகலில் ஆற்றுப்பக்கம் ஒரு டிரம்பெட் அழுதது. எட்டிப் பார்த்தாள். ஊரே கறுப்பு உடையில் வரிசையாக வந்துகொண்டிருந்தது. கையில் கல்லறையில் ஏற்றும் சிவப்புக் கண்ணாடி விளக்குகள், ஒரு மலர் வளையம். தாங்க முடியாததைக் கேலி செய்தே கடப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். தபால்காரி முன்னால் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஆழ்ந்த அனுதாபம் யார்மிளாம்மா. கண்டுபிடிச்சு எழுபத்தாறு வருஷந்தான் ஆச்சு. சூரியனை ஒரு சுத்துகூட முடிக்கல. கைக்குழந்தை!"

முற்றம் நிறைந்துவிட்டது. பன் தீர்ந்தது. சூப்பில் தண்ணீர் கலந்தாள், அதுவும் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து ராடிம் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"வெட்டியான் வந்தாச்சு!" என்று கூட்டம் கத்தியது. "குழி அப்புறம் வெட்டலாம், மொதல்ல அவருக்கு ஒரு பியர் குடுங்க!"

மனுஷர் காதுவரை சிவந்துபோனார். கோப்பையோடு மெல்ல யார்மிளாவிடம் வந்தார்.

"இத்தனை பேரை நான் எதிர்பார்க்கலம்மா. ஆனா எட்டுன்னா எட்டுதான். என்னால பொய் எழுத முடியாது."

"யாரு பொய் எழுதச் சொன்னா? உண்மையையே எழுதுங்க. 'இது கோள் இல்லை'ன்னு கொட்டை எழுத்துல எழுதுங்க. இல்லைன்னு சொன்னதுக்கே ஊரு திரண்டு வந்திருக்கு, பாக்கறீங்கல்ல?"

ராடிம் கம்பத்தையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கம்பத்துப் பலகையில் இருந்த 'கோள்' என்பதை அடித்து, 'கோள் அல்ல' என்று நிதானமாக எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் கீழே 'சூப் உள்ளே' என்றும் சேர்த்தார்.

யார்மிளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ராடிமுக்கு, இந்த ஊருக்கு, ஏன், பிராக்கில் அட்டை தூக்கியவர்களுக்குக்கூட நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. ஹூபெர்ட்டை அடக்கம் செய்த அன்று, வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு நா எழவில்லை. இன்று படியில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் வந்தீங்களே," என்றாள். "ரொம்ப நன்றி."