சாயம்

கிறேஸ் பின்னி அனுப்பிய சிவப்பு நூல் மாலையைத்தான் மணப்பெண் நிரோஷினி இன்று போட்டுக்கொள்ளப் போகிறாள். காலையில் மிஞ்சிய நூல் தவறி வாளியில் விழ, தண்ணீரெல்லாம் சிவந்துவிட்டது.  கிறேஸ் உடனே போன் செய்தாள், நிரோஷினி எடுக்கவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. ருவான்வெல்லையில் பஸ் ஏறியவள் கல்யாணம் நடக்கும் வரக்காப்பொல வரும்வரை இருப்புக்கொள்ளாமல் தவித்தாள்.

தேவாலய வாசலில் மணப்பெண்ணின் வேன் அப்போதுதான் வந்து நின்றது. கிறேஸ் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள்.

“தங்கச்சி, இறங்காதீங்க! மாலையில சாயம் போகுது.”

“ஐயோ அக்கா, நீங்களே கழட்டி விடுங்க.”

கிறேஸ் மாலையைக் கழட்டியபோது, வியர்வையில் கழுத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு விழுந்திருந்தது. வெள்ளைச் சேலையில் இன்னும் படவில்லை. கிறேஸ் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“போதுங்க அக்கா, போயிருச்சு,” என்று சிரித்தபடி நிரோஷினி இறங்கினாள்.

வெறுங்கழுத்தோடு அவள் படியேறி உள்ளே போகும்வரை, கிறேஸின் கண்கள் அந்தச் சேலையை விட்டு அகலவில்லை.