மேற்கோளுக்குள் ஒரு பெயர்

விடியும்போதே சுசித்ரா வந்துவிட்டாள். போடி ஜீப் ஸ்டாண்டில், கருப்பம்மாள் அத்தையின் முந்தானையைப் பிடிக்காத குறையாக ஒட்டி நின்றாள்.

"காலேஜுக்குப் போகாம ஒனக்கு இங்க என்ன சோலி?" என்றாள் அத்தை.

"சும்மாதான் அத்தே."

சும்மாவா? ஏலத்தோட்டப் பெண்களைப் பற்றி அவள் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வறிக்கைக்குக் கல்லூரியில் பரிசு. கொடுக்க வந்தவரோ, அத்தை வேலை பார்க்கும் எஸ்டேட்டின் முதலாளி. படித்துப் பார்க்கிறேன் என்று ஒரு பிரதியையும் வாங்கிப் போய்விட்டார். மருந்தடித்த ஈரம் காயுமுன் காய் எடுக்கச் சொல்வது, கூட நின்றவள் மயங்கி விழுந்தும் மருந்தடிப்பை நிறுத்தாதது, எல்லாம் அதில் இருந்தது. எல்லாம் அத்தை சொன்னது.

பரிசு கொடுக்க அவர் வரப்போவது தெரிந்ததுமே சுசித்ரா பயந்துபோய், ஆய்வுக்கு வழிகாட்டிய எபினேசர் சாரிடம் ஓடினாள்.

"சொன்னவங்க பேரை எடுத்துடலாம்மா. ஆனா மேற்கோள் குறிக்குள்ள ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது" என்றார் அவர்.

அப்படியே செய்தாள். கருப்பம்மாள் என்றிருந்த இடத்தில் 'ஒரு பெண் தொழிலாளி' என்று போட்டாள். ஆனாலும் எழுதியது யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தால் போதாதா? அதனால்தான் இன்று அத்தையோடு வந்து நின்றாள்.

கங்காணி கோட்டைச்சாமி ஜீப்பின் படியில் ஏறி நின்றார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஏறலாம். கூப்பிடாவிட்டால் அந்த எஸ்டேட்டில் இனி வேலை இல்லை என்று அர்த்தம்.

"ராக்கு. கற்பகம். கருப்பம்மா, வெரசா ஏறு."

அத்தை ஏறி உட்கார்ந்தாள். சுசித்ராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அழுகையும் வந்தது.

ஜீப் உறுமியது. தூக்குவாளியோடு ஒருத்தி முன்னால் ஓடினாள். அடுத்த தெரு பொன்னுமணி.

"அண்ணே, எம்பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல தாயி. ஒனக்கு மயக்கம் வருதாம்ல. ஏதோ இங்கிலீசு புஸ்தகத்துலயே போட்டிருக்காம். மொதலாளி வேணாம்னுட்டாரு."

 அத்தை சொன்னதை சுசித்ரா ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. மயங்கி விழுந்ததைச் சொல்லும் மேற்கோள் குறிக்குள் முதல் வார்த்தையே பொன்னுமணிதான்.

ஜீப் குரங்கணி ரோட்டில் திரும்பி மறைந்தது. பொன்னுமணி தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"நீ இங்கிலீசு படிக்கிற பிள்ளதான ஆத்தா. என்னையப் பத்தி எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"