எங்க வூட்ல பம்பே கெடையாது

ஐரீனிடமிருந்து போன் வந்தபோது ஃப்ளோரன்ஸ் சங்கரா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். ராயபுரத்தில் அவள் நடத்தும் மெஸ்ஸுக்குத் துறைமுகத்து ஆட்கள் பந்தி பந்தியாக வந்து உட்காரும் நேரம் அது. முழங்கையால் போனைத் தட்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "இன்னாடி இந்த நேரத்துல?" என்று அதட்டினாள்.

மகளின் மூச்சு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அப்புறம் குரல் வந்தது.

"அம்மா, நான் செத்துட்டேன்னு நினைச்சேம்மா."

அடுப்பை யார் அணைத்தார்கள், கடையை யாரிடம் விட்டுவிட்டு ஓடினாள் என்பதெல்லாம் இன்றைக்குக் கேட்டாலும் ஃப்ளோரன்ஸுக்குத் தெரியாது.

ஐரீனுக்கு மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிற உத்தியோகம். தினமும் எண்ணூர் வழியாகக் காரில் போய் வருவாள். அந்தச் சாலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள், நடுவில் கிடைத்த சந்தில் மனிதர்கள். அன்றைக்கு எர்ணாவூர் தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி, மேடும் இல்லை பள்ளமும் இல்லை, அப்படியே அடங்கிப்போயிற்று. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறாள், மிதிக்கிறாள், வண்டி செத்த பிணமாகக் கிடக்கிறது. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி. அந்த டிரைவர் புண்ணியவான் உயிரைக் கொடுத்து பிரேக் பிடித்ததில், லாரியின் மூக்கு காரின் பின்கண்ணாடியை மட்டும் நொறுக்கிவிட்டு நின்றது. இறங்கி வந்த அந்த மனுஷன் ஐரீனைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு நடுரோட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டானாம்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது திருவொற்றியூர் மெக்கானிக் அஃப்ரித். பின் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் டேங்குக்குள் கைவிட்டு, ஒரு பொருளை வெளியே எடுத்து ஃப்ளோரன்ஸிடம் காட்டினான்.

"இதான்க்கா பெட்ரோல் பம்பு. டேங்க்ல இருந்து இன்ஜினுக்கு பெட்ரோல தள்ளி வுடும். உள்ள ஒரு பிளாஸ்டிக் சக்கரம் கீது. அது பெட்ரோல்லயே ஊறி உப்பிக்கினா சுத்தாது. அது சுத்தலன்னா வண்டி எங்க கீதோ அங்கயே மட்டை."

"இவ எதுனா தப்பா ஓட்னாளா?"

"சே, அதெல்லாம் இல்லக்கா. பம்பே கோளாறு. இந்த மாடலுக்கு கம்பெனிக்காரனே கூப்ட்டு கூப்ட்டு சும்மா மாத்தி குட்த்துகினு கீறான். உன்ன கூப்புடலியா?"

"எந்தக் கய்தையும் கூப்புடல" என்றாள் ஃப்ளோரன்ஸ், கொஞ்சமும் யோசிக்காமல்.

மறுநாள் காலையில் தாயும் மகளும் மாதவரம் பக்கத்துச் சர்வீஸ் சென்டருக்குப் போய் உட்கார்ந்தார்கள். அஃப்ரித்தே காரைக் கட்டி இழுத்து வந்து உள்ளே விட்டுவிட்டுப் போனான். குளுகுளு ஹால், சோபா, மிஷினில் காபி. பாயாசத்தில் போடாத சர்க்கரையெல்லாம் அங்கிருந்தவர்களின் பேச்சில் இருந்தது. செங்குட்டுவன் என்கிற இளைஞன் கம்ப்யூட்டரில் வண்டியின் சேஸிஸ் நம்பரைத் தட்டினான். முகம் மலர்ந்தான். அடுத்த நொடியே வாடினான். எழுந்து போய் மேனேஜரைக் கூட்டி வந்தான்.

"மேடம், பம்ப் மாத்தற லிஸ்ட்ல உங்க வண்டி இருக்கு" என்றார் மேனேஜர். "ஆனா க்ளோஸ் ஆயிடுச்சு. நாங்க போன் பண்ணோம். நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்க."

"யாரு? நானா?"

"வண்டி உங்க பேர்லதான இருக்கு? நம்பரும் உங்களுதுதான்."

அது வாஸ்தவம். வண்டி வாங்கும்போது ஐரீன் வேலைக்கே சேரவில்லை. பேர், போன் நம்பர் எல்லாம் அம்மாவுடையதுதான். ஆனால் சும்மா கொடுக்கிற பம்பை வேண்டாம் என்று சொல்ல ஃப்ளோரன்ஸுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? அவள் எழுந்து நின்றாள். இடுப்பில் முந்தானையைச் செருகினாள். ராயபுரத்தில் அவள் முந்தானையைச் செருகினால் எதிரே நிற்பவர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள்.

"இன்னா நைனா, ஊர ஏமாத்தறியா? என் பொண்ணு செத்துப் பொழச்சு வந்து குந்திகினு கீறா. நான் வாணாம்னு சொன்னேன்னு எவன் சொன்னான்? அவன என் மூஞ்சிக்கு நேரா நிக்க வையி!"

"கோபப்படாதீங்க மேடம். எல்லா போன் காலும் ரெக்கார்ட் ஆகும்" என்றபடி மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கி ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி இருந்தது.

"வணக்கம் மேடம், திருமதி ஃப்ளோரன்ஸ் அவங்களா? உங்க பேர்ல பதிவாகியிருக்கிற பம்ப் யூனிட் சம்பந்தமா பேசறோம். அதை எடுத்துட்டு புதுசு மாட்டித் தரணும் மேடம், முழுக்க இலவசம்..."

"இன்னா பம்பு? எங்க வூட்ல பம்பே கெடையாது!"

"இல்ல மேடம், ரெக்கார்ட்ல இருக்கு..."

"ரெக்கார்டுல கீதா? எவ எழுதிக் குட்த்தா? எதிர் வூட்டுக்காரியா? தோ பாரு, பம்பும் கெடையாது, மோட்டாரும் கெடையாது. அந்தோணியார் மேல சத்தியம்! எவனாச்சும் பம்பு கிம்புன்னு இந்தப் பக்கம் தலைய காட்னீங்க, கொதிக்கிற கொழம்ப மூஞ்சில ஊத்திடுவேன்!"

"அப்போ வேண்டாம்ங்கறீங்களா மேடம்?"

"வாணாம்! வைய்யி போன!"

"நன்றி மேடம். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறிவிட்டது. நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஃப்ளோரன்ஸ் பேயறைந்தவள் போல நின்றாள். அந்தக் குரல் அவளுடையதேதான். சத்தியமும் அவள் செய்ததேதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே பம்பு என்றால் வாசலில் நிற்கும் அடிபம்பு. தெருக்குழாயில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வரும்போது அதைக் கையால் அடித்துத்தான் பிடிக்க வேண்டும். மெஸ் நடத்துகிறவள் எத்தனை குடம் அடிப்பாள்? ஊரில் பாதிப் பேர் செய்கிற மாதிரி அவளும் திருட்டுத்தனமாக ஒரு மோட்டாரை மாட்டியிருந்தாள். வாரியத்து அதிகாரிகள் வந்தால் மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் போன் வந்த வாரம்தான் பக்கத்துத் தெருவில் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். "பம்ப்... எடுத்துட்டு" என்று ஒருத்தி நாசூக்காக ஆரம்பித்ததும், வேவு பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டி, வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிற பம்பையே இல்லை என்று சாதித்துவிட்டாள் மகராசி.

ஐரீன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானாம்மா?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் ஃப்ளோரன்ஸ் உடைந்துபோனாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது தன்னோடு போய்த் தொலைந்தால் பரவாயில்லை. தான் வாயாடிய வாய்க்குத் தன் பிள்ளையல்லவா கன்டெய்னருக்கு அடியில் போகப் பார்த்தது! மாதாவே, மாதாவே என்று நெஞ்சுக்குள் கதறினாள். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் இரக்கமாகத் தலையை ஆட்டினார். "இதுக்கு மேல கம்பெனி என்ன பண்ண முடியும், நீங்களே சொல்லுங்க."

அவர் நாசூக்காக விலகப் பார்த்த நேரத்தில், "இரு நைனா" என்றாள் ஃப்ளோரன்ஸ். "இன்னொரு தபா போடு."

"எதுக்கு மேடம்?"

"போடுங்கறேன்ல."

மறுபடி போட்டார்கள். மறுபடி சிரித்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தன் குரலையல்ல, அந்தப் பெண்ணின் குரலை. முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இதுல கார்னு எங்க சொன்னா?"

மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"நான் வாயாடிதான். எவ்ளோ வேணா காறித் துப்பு, வாங்கிக்கறேன். ஆனா அவ 'அம்மா, உன் கார் நடுரோட்ல நின்னுபூடும், உள்ள கீற ஆளு செத்துபூடும்'னு ஒரு வார்த்த சொன்னாளா? வாணாமான்னு கேட்டா, இனிய நாளுன்னா, வெச்சுட்டா. சாவப்போறவளுக்கு இனிய நாளா?"

சிரிப்பு நின்றுவிட்டது. புரையேறிய ஆசாமி கப்பைக் கீழே வைத்தார். தவசிமுத்து என்று பெயர், தண்டையார்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்.

"எனக்கும் இதே வண்டிதான், போனு கூட வரல்லயே" என்றார். "மெசேஜுதான். வாடிக்கையாளர் மகிழ்ச்சித் திட்டம், இலவசப் பரிசோதனைன்னு போட்டிருந்துது. ஆடித் தள்ளுபடி மாதிரி எதோன்னு நெனச்சு அழிச்சுப்புட்டேன். நேத்து புள்ளைங்கள வச்சுக்கிட்டு வரும்போது வண்டி ரெண்டு தடவ நின்னுட்டு. இதுதானா காரணம்? சாவுற விசயத்துக்கு மகிழ்ச்சின்னா பேரு வப்பீங்க?"

"ஆபத்துன்னு சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க சார்" என்றார் மேனேஜர். "அதனால அந்த வார்த்தைய யூஸ் பண்ணக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஐரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே, பயப்படுவோம் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அட பாவிகளா!

மேனேஜர் அவசரமாகக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "ஓகே மேடம். ஸ்பெஷல் கேஸா உங்க பேரை மறுபடி சேர்த்துட்டேன். சந்தோஷமா?"

"எப்போ மாத்துவ?"

"பம்ப் இப்போ ஸ்டாக் இல்ல. வந்ததும் கூப்பிடறோம். எப்போன்னு சொல்ல முடியாது. நீங்க உக்காந்திருந்த நேரத்துலயே உள்ள பழைய பம்பை க்ளீன் பண்ணி மாட்டியாச்சு, வண்டி ஓடுது. எடுத்துட்டுப் போங்க."

"அத வெச்சுகினா ஓட்ட சொல்ற?"

"பயமே வேண்டாம், தாராளமா ஓட்டலாம். டேங்க்ல பெட்ரோல் பாதிக்குக் கீழ போகாம பாத்துக்குங்க. லெஃப்ட்லயே போங்க."

"எண்ணூர் ரோட்டுல லெஃப்ட்ல கன்டெய்னர்தான் நிக்குது" என்றாள் ஐரீன் மெல்ல. அன்றைக்கு அவள் அந்த ஹாலில் பேசிய இரண்டாவது வாக்கியம் அது. மறுநாள் அவளுக்கு வேலை. வேறு வண்டி கிடையாது.

ஃப்ளோரன்ஸ் மேஜை மேலிருந்த சாவியை எடுத்தாள். மேனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பயமே வாணாம்ல? அப்போ நீ ஓட்டு. எண்ணூர் வரிக்கும் போய்ட்டு வருவோம். நானும் என் பொண்ணும் பின்னால குந்திகினு வரோம்."

மேனேஜர் சிரித்தார். வாட்சைப் பார்த்தார். "எனக்கு மீட்டிங் இருக்கு. செங்குட்டுவன், நீங்க மேடத்த ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய் ஓட்டிக் காட்டுங்க."

செங்குட்டுவன் சாவியைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"செங்குட்டுவன்!"

"நான் ஓட்ட மாட்டேன் சார்" என்றான் அவன். காது மடல் சிவந்திருந்தது. "உங்க மிசஸ் வண்டியும் இதே மாடல்தான் சார். புது பம்ப் வர்ற வரைக்கும் வெளிய எடுக்கவே கூடாதுன்னு ரெண்டு மாசமா பின்னால ஷெட்ல நிறுத்தி வெச்சிருக்கீங்க. இவங்கள மட்டும் எப்படி சார் ஓட்டச் சொல்றது?"

தவசிமுத்துதான் முதலில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனார். எல்லாரும் போனார்கள். ஷெட்டின் மூலையில், ஐரீனுடைய காரின் கூடப்பிறந்தது மாதிரி ஒரு வெள்ளைக் கார், உறை போட்டுப் பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருந்தது. உறையின் ஒரு ஓரம் விலகி, பின் சீட்டில் கட்டியிருந்த குழந்தை நாற்காலி தெரிந்தது.

ஃப்ளோரன்ஸ் அந்த நாற்காலியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் திரும்பி வந்து, சாவியை மேனேஜரின் சட்டைப் பையில் போட்டாள்.

"எங்க வண்டியும் அதுக்குப் பக்கத்துலயே நிக்கட்டும்" என்றாள்.