மூன்று தடவை செத்தவர்

தெருவுக்கு ஓர் இங்கிலீஷ் பெயர். தெருக்கோடிப் பாலத்துக்கும் அதே பெயர், பள்ளிக்கூடத்துக்கும் அதே பெயர். போதாக்குறைக்கு, நூலகத்தில் அட்டவணை எழுதுகிறாளே, அவள் குடும்பத்துக்கும் அதே பெயர்தான். அவளுடைய அப்பா அதைப் பித்தளைப் பலகையில் பொறித்துக் கதவில் மாட்டி, வாரம் தவறாமல் துடைத்து வைப்பார்.

எல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பெயர் என்றுதான் ஊர் நம்பியது. அவர் ஆற்றங்கரைக் குடிசைகளைக் கொளுத்திய ஆள் என்று போன மாதம் பேப்பரில் வந்ததும் பிடித்தது சனி. தெருப் பெயரை எடுத்துவிட நகரசபை நாள் குறித்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் 'கொள்ளிக்கார வீடு' என்று ஆரம்பித்துவைக்க, தெருவே பிடித்துக்கொண்டது. அறுபது வருஷம் தலைநிமிர்ந்து நடந்த மனுஷன் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"போகட்டும் விடும்மா. எங்க தாத்தாவப் பத்திக் கேட்டா எங்கப்பா வாயே திறக்க மாட்டார். இதான் காரணம் போல."

அவள் செருப்பை மாட்டினாள். "சும்மா இருங்கப்பா. நான் பாத்துட்டு வரேன்."

நூலகத்தில் ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு வாழ்க்கைக் குறிப்பு அட்டை உண்டு. ஆள் இறந்தால் அட்டையின் வலது மூலையைக் கத்தரித்துவிடுவார்கள். முந்தைய நூலகர் மகா ஒழுங்குக்காரர். பெயர் ஒன்று என்றால் ஆளும் ஒன்று என்று அந்தப் பெயரிலிருந்த அத்தனை அட்டைகளையும் ஒரே கட்டாகக் கட்டி, மேலே ஒரு சுருக்கமும் எழுதி வைத்திருந்தார். பேப்பரில் எழுதியவர் அந்தச் சுருக்கத்தைத்தான் காப்பியடித்திருந்தார். நாற்பது வருஷமாகக் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.

அவள் அவிழ்த்தாள். மூலை வெட்டிய அட்டைகள் மூன்று இருந்தன.

"ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சாவான்!" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

முதல் அட்டை அதிகாரி. குடிசைகளைக் கொளுத்தியவர், பாலம் கட்டியவர், அனாதை இல்லத்துக்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்தவர். மணிக்கு நன்றியாக, அன்று வாசலில் கிடந்த குழந்தைக்கு இல்லத்துக்காரர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தக் குழந்தைதான் இரண்டாவது அட்டை. வளர்ந்து குழாய்க்காரராகி, குடிதண்ணீர் வராத தெருவுக்கு இரண்டு வருஷம் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தவர். தெரு ஜனங்களே கைநாட்டு வைத்து மனுக் கொடுத்து, தெருவுக்கு அவர் பெயரை வாங்கியிருந்தார்கள்; அந்த மனுவும் அட்டையோடு தைத்திருந்தது. மூன்றாவது அட்டை அவர் மகள், சின்ன வயதிலேயே இறந்துபோன டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு வைத்தது அந்த டீச்சர் பெயர். குழாய்க்காரரின் முகவரியை நூலகத்துப் பெண் இரண்டு தடவை படித்தாள். பதினோராம் நம்பர். அவள் பிறந்த வீடு.

நாலு மணிக்கு நகரசபையில் மூன்று அட்டைகளையும் தலைவர் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"இவங்கள்ல யாரை ஐயா தெருவ விட்டு அனுப்பப் போறீங்க?"

தலைவர் மூலைகளைத் தடவிப் பார்த்தார், மனுவைப் பிரித்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேடிக்கை பார்க்க வந்த தையல்காரர் எட்டிப் பார்த்து, ஒரு ரேகைக்குப் பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "ஐயோ, இது எங்க முப்பாட்டன் கைநாட்டு!" என்று கத்தினார். சபை சிரித்த சிரிப்பில் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பாலத்தின் பெயர் போனது. தெருவும் பள்ளிக்கூடமும் தங்கள் பெயரோடு அப்படியே நின்றன. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அவள் சந்தோஷத்தில் அட்டைகளை மறந்து வந்துவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பி ஓடினாள்.

விஷயத்தைக் கேட்ட அப்பா, "அனாதையா வளர்ந்தவர்னு சொல்ல வெக்கப்பட்டுத்தான் எங்கப்பா வாய் திறக்கல போல" என்றபடி குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து பலகையை இழுத்துத் துண்டால் துடைத்தார். அவள் ஸ்க்ரூ தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தாள்.

"அங்க தேடாதம்மா" என்றவர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். நாலு ஸ்க்ரூவும் ஒரு மாதமாக அங்கேதான் இருந்திருக்கின்றன.

"குழாய்க்காரர் பேரன் ஸ்க்ரூவத் தொலைப்பேனா?"